முப்பத்தைந்தில் ஒரு பங்கு லாரி

துணியை எடுத்தேன். செல்வராணி லாரியைப் பார்த்தாள். அப்புறம் அதன் சக்கரங்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பெரம்பலூரில் என் பல் லேபின் பின்னறை அது. காலை பதினோரு மணி இருக்கும். ஜன்னலோர மேசையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ராணுவ லாரி நின்றது. ஆறு சக்கரம், பச்சை உடம்பு, பின்னால் தார்ப்பாய்க் கூடு. சக்கரம் முழுக்கச் சேறு. கதவில் பாதி உயரம் வரை தெறித்த சேறு. ஐந்து மாத வேலை.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்துத்தான் நின்றேன். நன்றி சொல்லி அழுவாள் என்று. மனிதப் புத்தி அப்படித்தானே போகும்?

"ஏங்க்கா இதுல மண்ணு பூசியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"மலை ரோட்டுல ஓடுற வண்டிம்மா. மண்ணு இல்லாமயா இருக்கும்?" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சரிசெய்யக் கொடுத்திருந்த மாமியாரின் பல் செட் டப்பாவைப் பையில் போட்டாள். "அப்பறம் வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிவிட்டாள்.

பொம்மை என்று சொல்லாதீர்கள்

போன வாரம் நான் பல் கட்டக் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, "உங்கள் அலமாரியில் ஏதோ டாங்கி பொம்மை இருப்பதாக எழுதியிருந்தீர்களே, அது என்ன?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது பொம்மை இல்லை. பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். என் வீட்டுக்காரர் அமல்ராஜுக்கு இது நன்றாகத் தெரியும். அதனாலேயே அவர் ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்வார்.

அசல் வண்டியை அளந்து, எல்லா அளவையும் முப்பத்தைந்தால் வகுத்துச் செய்வது இது. பிளாஸ்டிக் துண்டுகள் பெட்டியில் வரும். ஒட்டுவது யாருக்கும் முடியும். வர்ணம் பூசி முடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்களுக்கு வேலை தரும் பல் டாக்டர் ஒருவர், யாரும் தொடாமல் கிடந்த ஒரு டாங்கிப் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டார். அப்படித் தொடங்கியது. மூன்றே முடி வைத்த பிரஷ் என் கையில் ஏற்கெனவே இருந்தது. பல்லுக்கு நிறம் ஏற்றுகிற பிரஷ். பல் வெள்ளை என்று நினைப்பவர்கள் ஒருமுறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்கள். ஈறுப் பக்கம் மஞ்சள், நடுவில் தந்த நிறம், முனையில் லேசான நீலம். அதை மெல்லிய பூச்சாக, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால்தான் கட்டிய பல் என்று தெரியாது. ராணுவப் பச்சையும் அப்படித்தான். அதில் பச்சை கொஞ்சம்தான்.

ஆனால் என் கைக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது பச்சை இல்லை, அழுக்கு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்து ஒற்றி, பெயிண்ட் உரிந்த மாதிரி காட்டுவேன். ஆணித் தலைகளைச் சுற்றித் துரு இறங்க வைப்பேன். திருச்சியில் வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பைத்தியங்கள் எல்லாரும் கூடுகிற கண்காட்சி ஒன்று உண்டு. அங்கே "பெரம்பலூர் மேடத்தோட சேறு" என்றால் ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

"வூட்டத் தொடைக்க ஆளில்ல. பொம்மைக்கு அழுக்குப் பூச மட்டும் ஆளு இருக்கு" என்பார் அமல்ராஜ்.

நான் எல்லாரிடமும் சொல்லி வந்தது ஒன்றுதான். சுத்தமாக இருக்கும் வண்டி பொய். ஓடிய வண்டி என்றால் அழுக்கு இருந்தே தீரும். வேதவாக்கு மாதிரி இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரோஸ் கலர் லாரி

செல்வராணி குரும்பலூர்க்காரி. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மாமியார் பாப்பாத்தியம்மாவுக்குப் பல் கட்ட அழைத்துக்கொண்டு வந்தாள். பல் நிறம் பார்க்க டாக்டர் மேலே என் லேபுக்கு அனுப்புவார். பாப்பாத்தியம்மா வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க, இவள் அலமாரிப் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

"இது மாதிரி லாரியும் செய்வீங்களாங்க?"

"என்ன லாரி?"

"எங்க வூட்டுக்காரரு மிலிட்டரில லாரி ஓட்டுனாரு. மலையில போயிட்டாரு. மொத வருசம் வருது. போட்டோவுக்கு முன்னாடி அவரு வண்டிய வெக்கணும்னு ஒரு ஆசை."

அவர் பெயர் செந்தில். அவள் போனில் ஏழெட்டுப் படம் காட்டினாள். எல்லாவற்றிலும் அவர் லாரிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். "மலையில போயிட்டாரு" என்றதும், ஏதோ வளைவில் விபத்து போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குக் கஷ்டம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், என் கண் அப்போதே அந்த லாரியின் முன் பம்பரை அளந்துகொண்டிருந்தது.

அந்த மாதிரி லாரி பெட்டியில் கிடைக்காது. அடிச்சட்டமும் சக்கரமும் வேறொரு பெட்டியிலிருந்து எடுத்தேன். டிரைவர் உட்காருகிற முன் கூண்டை நானேதான் செய்ய வேண்டும். என்னிடம் இருப்பது பல் செட்டின் ஈறுக்கு ஊற்றுகிற பிசின். அதில் வார்த்து, அறுத்து, ராவி எடுத்தேன். ஈறு என்ன நிறம்? அதே நிறத்தில் கூண்டு வந்தது.

"மிலிட்டரி லாரிக்கு ஈறு வெச்சிருக்கா. பல்லு எப்ப மொளைக்கும்?" என்று அமல்ராஜ் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கக் கிளம்புகிறவரை சிரித்தார்.

குன்னத்து மண்

சேற்றுக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மலைச் சேறு எப்படி ஒட்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த சேறு குன்னம் பக்கத்துக் கரிசல். மழை விட்ட மறுநாள் பஸ் ஏறிக் குன்னம் போனேன். மக்காச்சோளக் காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற டிராக்டர்களின் சக்கரத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன்.

ஒரு டிராக்டர்க்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். "என்னங்க தேடுறீங்க? எதாச்சும் தொலைஞ்சிருச்சா?"

"இல்லங்க. சேறு எப்படி ஒட்டியிருக்குன்னு பாக்குறேன்."

அவரும் எட்டித் தன் சக்கரத்தைப் பார்த்தார். "பாருங்க பாருங்க. இங்க பாக்குறதுக்கு வேற என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்ஜினை அணைத்து, பீடி பற்ற வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். நான் ஆற அமரப் பார்த்தேன்.

ஒரு பையில் மண் எடுத்து வந்தேன். நிழலில் உலர்த்தி, இடித்து, மாவுச்சல்லடையில் மூன்று முறை சலித்தேன். மாவுச்சல்லடை விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. பசையில் அந்த மண்ணைக் குழைத்து, டயர்ப் பள்ளங்களில் அப்பி, காய்ந்த விளிம்பு வெளுத்தும் உள்ளே ஈரமாகவும் தெரிகிற மாதிரி முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல சேறு நான் செய்ததே இல்லை.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. செந்திலின் முதலாண்டு நினைவு நாள் அடுத்த புதன்கிழமை. ஞாயிறு திருச்சியில் வைத்துவிட்டு, புதன் காலை குரும்பலூரில் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த வருடம் முதல் இடம் எனக்குத்தான் என்றும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தேன். கண்காட்சிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் செல்வராணி வந்து அந்தச் சேற்றைப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டில்

பிரஷைக் கழுவாமல்கூட அவள் பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாண்டில், குரும்பலூர் வண்டி நிற்கிற இடத்தில், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, புடிக்கலையா? சொன்னாத்தான தெரியும்?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

"மழைல மலை சரிஞ்சு வண்டி மேல வுழுந்துருச்சுக்கா. ரெண்டு நாளு தோண்டுனாங்க. மண்ணுக்குள்ளதான் இருந்தாரு" என்றாள்.

பஸ்கள் வந்து போயின. ஊரெல்லாம் போய்ச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தவளுக்கு, பக்கத்தில் நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஐந்து மாதம் உட்கார்ந்து, அவள் எதை மறக்கப் பார்த்தாளோ அதை ஒரு சாண் அளவில் செய்து, துணி போட்டு மூடி, அவள் முன்னால் திறந்து காட்டியிருக்கிறேன்.

"அவரு வண்டில ஒரு தூசி இருக்காதுக்கா. லீவுல வந்தா எங்க வண்டியவே தெனம் ரெண்டு தடவ தொடைப்பாரு. நீங்க கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கீங்க. நான் கொற சொல்லல. அந்தச் சக்கரத்த மட்டும் என்னால பாக்க முடியல."

"அடுத்த புதன்கிழமை சுத்தமா வரும்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

கழுவுதல்

அமல்ராஜ் விவரமான ஆள். "ஞாயித்துக்கெழம திருச்சில காட்டிட்டு வந்து கழுவேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியவா போவுது?" என்றார்.

அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை. அவர் சொல்வதற்கு முன்பே, பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பும்போதே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளில் கழுவி, உலர்த்தி, மறுபடி பூசி, பூசியதெல்லாம் இறுகாது. அவசரத்தில் பூசிய பச்சை கைபட்டால் பிசுபிசுக்கும். வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த மனிதனுக்குப் பிசுபிசுக்கிற வண்டியையா கொடுப்பது?

மறுநாள் காலையில் திருச்சிக்குப் போன் போட்டு, என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "மேடம், உங்க சேத்தப் பாக்கத்தான் ஆளுங்க வராங்க" என்றார் அந்தத் தம்பி. "இந்த வருசம் சேறு இல்ல தம்பி" என்று வைத்துவிட்டேன்.

ஸ்பிரிட்டில் முக்கினால் எந்தப் பெயிண்டும் ஒரு மணி நேரத்தில் உரியும். ஆனால் என் கூண்டு ஈறுப் பிசினில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் அதில் மயிரிழை விரிசல் விடும். பல் செட்டை ஸ்பிரிட்டில் போடாதீர்கள் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவள் நான். ஆக, ஸ்பிரிட் கிடையாது. கொதிநீரும் கிடையாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும். மிச்சமிருந்தது வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பல் செட் தேய்க்கிற பிரஷ், மெழுகு செதுக்குகிற கத்தி. பிறகு என் பிடிவாதம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து எட்டு மணிவரை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி. ஒரு டயரில் இருபத்தெட்டுப் பள்ளம். ஒவ்வொரு பள்ளமாக ஊறவைத்துக் கிளறி எடுத்தேன். குன்னத்துக் கரிசல் லேசில் விடுகிற மண்ணா? விவசாயியின் காலையே விடாது. பசையும் சேர்ந்து கெட்டியாகியிருந்தது. வலது பக்கக் கண்ணாடித் தண்டு முறிந்தது. பல் கம்பியை வளைத்து வேறு செய்தேன். இரண்டாம் நாள் கட்டைவிரல் வீங்கிவிட்டது. துணி சுற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்குள் மண் முழுக்கப் போய்விட்டது. மண்ணோடு பச்சையும் போய், ஈறு நிறம் அங்கங்கே எட்டிப் பார்த்தது.

மறுபடி அடிப்பூச்சு. மறுபடி பச்சை. இந்த முறை துரு இல்லை, உரிசல் இல்லை. சுத்தமான வண்டி பூசுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுக்கில் தப்பை ஒளித்துவிடலாம். சுத்தத்தில் ஒரு முடி ஒட்டினாலும் காட்டிக்கொடுக்கும். இத்தனை வருடம் நான் எத்தனை தப்பைச் சேற்றுக்கு அடியில் ஒளித்திருக்கிறேன் என்று யோசித்தேன். நிறையத்தான்.

போனில் வைத்த பொட்டு

சனிக்கிழமை செல்வராணி தானாகவே வந்தாள். லாரி பச்சையாக, ஈரமாக நின்றது. சக்கரங்களைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தப் படத்த ஒங்களுக்குக் காட்டலக்கா" என்று போனை நீட்டினாள்.

ஆயுத பூஜை அன்று எடுத்த படம். லாரி பளபளவென்று கழுவி நிற்கிறது. வாழைக்கன்று, மாலை. ஹெட்லைட், சக்கரம், பம்பர் எங்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். அந்த லாரிப் பிரிவில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அன்றைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைப்பார்களாம். நான் வரதராஜன்பேட்டையில் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். எங்கள் வீட்டில் வண்டிக்கு மந்திரித்த தண்ணீர்தான் தெளிப்பார்கள். எனக்கு இதெல்லாம் ஆட்டோ ஸ்டாண்டில் பார்த்ததோடு சரி. ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது.

"எல்லா எடத்துலயும் வெச்சிருக்கு. முன்கண்ணாடில மட்டும் இல்லையே?"

"அது என்னோடதுக்கா."

ஆயுத பூஜை அன்று அவர் வீடியோ காலில் வருவார். போனைத் திருப்பி லாரியின் முன்கண்ணாடியைக் காட்டுவார். இவள் குரும்பலூரில் சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, போன் திரையில் அந்தக் கண்ணாடி தெரிகிற இடத்தில் வைப்பாள். எந்த இடத்தில் வைத்தாள் என்று கேட்டு அவர் அங்கே அதே இடத்தில் வைப்பார். ஒரு வருடம் சிக்னல் கிடைக்காமல் சாயங்காலம் வரை கண்ணாடியை வெறுமனே விட்டு வைத்திருந்தாராம்.

"போன் கெட்டுப்போவும்னு எங்க நாத்தனா திட்டும். நான் கேக்கவே மாட்டேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் கூட்டம் கூடியிருந்த நேரத்தில், நான் முப்பத்தைந்தில் ஒரு பங்கு சந்தனம் கலக்கிக்கொண்டிருந்தேன். விரல் நுனியில் வைக்கிற பொட்டை அந்த அளவுக்குக் குறைத்தால் கடுகில் கால்வாசிகூட வராது. பிரஷ் முடியே தடிமன். தையல் ஊசியின் முனையில் தொட்டு வைத்தேன். மஞ்சள் காய்ந்த பிறகு அதன் நடுவில் சிவப்பு. இருபத்தொரு பொட்டு. மூச்சை அடக்கி வைத்ததில் தலை சுற்றியது. முன்கண்ணாடியை மட்டும் தொடவில்லை.

குரும்பலூர்

புதன்கிழமை காலை அமல்ராஜும் நானும் போனோம். மடியில் லாரிப் பெட்டி. கூடத்தில் செந்திலின் போட்டோ, மாலை, இலையில் அவருக்குப் பிடித்த பலகாரங்கள். போட்டோவுக்கு முன்னால் லாரியை வைத்தேன். அங்கிருந்தவர்கள் கிட்டே வந்து குனிந்தார்கள். யாரோ ஒருவர், "செந்திலு வண்டிதான்டா" என்றார்.

நான் ஊசியை ஒரு குச்சியில் செருகிக் கொண்டு வந்திருந்தேன். செல்வராணியிடம் நீட்டினேன். "கண்ணாடிக்கு நீதாம்மா வெக்கணும்."

அவளுடைய நாத்தனார் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவ எப்புடி இப்பக் குங்குமத்தத் தொடுறது?"

செல்வராணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அது என் வீடு இல்லை. அமல்ராஜ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பாப்பாத்தியம்மா எழுந்தார். என்னிடம் அதுவரை பல் செட் குத்துகிறது என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவர். உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்து வந்தார். "வருசா வருசம் அவதான வெச்சா. இந்த வருசம் மட்டும் வேற யாரு வெப்பா? நீ வையிடி" என்றார். கிண்ணத்தை அவரே பிடித்துக்கொண்டார்.

செல்வராணி ஊசியைப் பார்த்தாள்.

"இதுல வெச்சா அளவா இருக்கும்மா" என்றேன்.

"போன்லயும் வெரலாலதாங்க்கா வெப்பேன்."

மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள். லாரிக்கு முன்னால் குனிந்து, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். அதன் மேல் குங்குமம். நான் தலைமுடி கனத்தில் செய்து ஒட்டியிருந்த வைப்பர் வளைந்து சந்தனத்தில் புதைந்தது. பக்கத்தில் என் இருபத்தொரு பொட்டும் கண்ணுக்கே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் முப்பத்தைந்தால் பெருக்கிப் பார்த்தேன். அசல் லாரியில் அது அரை மீட்டர் பொட்டு.

"பெருசாயிருச்சோ? தொடைச்சிடட்டுமாக்கா?"

"தொடாத" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே வந்துவிட்டது.

சாப்பாடு முடிகிறவரை சந்தனத்தைக் காய விட்டேன். பிறகு பையிலிருந்து வார்னிஷ் குப்பியை எடுத்துக்கொண்டு போட்டோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிரஷ் பட்டால் சந்தனம் கலையும். அதனால் ஊசி முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, அது தானாகப் பரவும் வரை காத்திருந்தேன். ஒரு பூச்சு. அது இறுகியதும் இன்னொன்று. வார்னிஷ் ஊறியதும் சந்தனத்தில் அவளுடைய விரல் ரேகை ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது.

செல்வராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு பழைய வெள்ளைத் துணி இருந்தது. அவர் வண்டி துடைக்கிற துணியாம்.

"தொடைச்சா அழியாதுல்லக்கா?"

"அழியாது. தெனம் தொடை" என்றேன்.